பொறுமையும் பொறுப்பும்

(சங்க ஆண்டு விழாவின் மகளிர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் அரைமணி நேரத்தை ஒதுக்கி, மழலையர் பள்ளி ஆசிரியைகளின் உள்ளநலத்தைப் பற்றிப் பேசுமாறு மகளிர் பிரிவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தகைய பொருளை ஒரு தமிழ்ச் சங்கம் ஆண்டு விழாவுக்குத் தேர்ந்தெடுத்ததே பாராட்டுக்குரியது. நான் இத்தலைநகரில் இருபத்தெட்டு ஆண்டுகள் மழலையர் வகுப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஆகவே, படித்தறிந்ததை மட்டுமன்றிப் பட்டறிந்ததையும் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நம்புகிறேன். குறைகளை அடுக்கி விழாநாளின் மகிழ்ச்சியைக் கெடுப்பது என் நோக்கமன்று. நம் குழந்தைகளின் நலத்தோடு பிணைந்துள்ள ஒரு செய்தியை உங்கள் முன்வைத்து, அதனை நீங்கள் வீட்டுக்குச் சென்றும் சிந்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதே நோக்கம்.

ஊரிலே ஒரு குழந்தையை எத்தனை பேர் வளர்த்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பாட்டி குளிப்பாட்டினாள், அத்தை சோறூட்டினாள், தாத்தா கோயிலுக்குத் தூக்கிச் சென்றார், அடுத்த வீட்டு அக்காள் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினாள். தாய்க்குக் கை ஓய்ந்தபோதெல்லாம் வேறொரு கை நீண்டது. பிழைப்பின் பொருட்டு நாம் இங்கு வந்து காலனி வாழ்க்கை வாழத் தொடங்கியபின் அந்தக் கைகள் ஊரிலேயே நின்றுவிட்டன. தந்தையும் தாயும் அலுவலகம் செல்லும் வீடுகளில், பகற்பொழுதின் பெரும்பகுதி குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவரே. பாட்டி, அத்தை, சித்தி ஆகிய அனைவருடைய இடத்தையும் அவர் ஒருவரே நிரப்புகிறார். அதுவும் ஒரு குழந்தைக்கு அன்று, முப்பது குழந்தைகளுக்கு.

முதல் மணி நேரம்

ஏப்ரல் மாதத்தில் பள்ளி திறக்கும் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். முப்பது குழந்தைகளுள் பத்துப் பேராவது அழுவார்கள். ஒருவன் அழுவதைக் கண்டு அடுத்தவன் காரணமின்றியே அழுவான். ஒருத்தி வாயிற்கதவைப் பற்றிய கையை விடமாட்டாள். ஒருவன் தண்ணீர்ப் புட்டியைத் திறக்கத் தெரியாமல் சட்டை முழுவதையும் நனைத்துக்கொள்வான். ஒருத்தி பக்கத்தில் இருப்பவனைக் கடித்துவிடுவாள். கடிபட்டவனுக்கு மருந்து வேண்டும். கடித்தவளுக்கும் ஆறுதல் வேண்டும். ஏனெனில் மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் பகையினால் கடிப்பதில்லை; சொல்லத் தெரியாத அச்சத்தினால் கடிக்கிறது. இத்தனையும் முதல் மணி நேரத்துக்குள் நிகழ்ந்துவிடும்.

அவ்வேளையில் ஆசிரியையின் உடலைக் கவனியுங்கள். அவர் நிமிர்ந்து நிற்பதே அரிது. குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பேச வேண்டும். தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். குழந்தையின் அளவுக்குச் செய்த சிறு நாற்காலியில் முழங்காலை மடக்கி அமர வேண்டும். இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பியே பேசுவதால் தொண்டை கட்டிக்கொள்ளும். வகுப்பைவிட்டு ஒரு நிமிடமும் அகல முடியாதாகையால் பல ஆசிரியைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொல்லைக்கு ஆளாகிறார்கள். குளிர்காலத்தில் வகுப்பிலுள்ள சளியும் இருமலும் முதலில் வந்து சேர்வது அவரிடந்தான். இவையெல்லாம் வெளியே தெரியாத வலிகள்.

உடலின் வலியினும் நுண்ணியது உள்ளத்தின் உழைப்பு. அமெரிக்க நாட்டுச் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்ஷில்ட் அம்மையார் 1983-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்த அவர், தம் உணர்ச்சியை அடக்கிப் பிறருக்கு வேண்டிய உணர்ச்சியை முகத்தில் வருவித்துக் காட்டுவதும் ஓர் உழைப்பே என்று நிறுவினார். அதனை உணர்ச்சி உழைப்பு எனலாம். மழலையர் ஆசிரியைக்கு இவ்வுழைப்பு நாள் முழுவதும் உண்டு. காலையில் வீட்டில் மாமியாருக்குக் காய்ச்சல் என்றிருக்கலாம். தம் மகனுடைய தேர்வு முடிவு வந்து மனம் கலங்கியிருக்கலாம். வகுப்பினுள் நுழைந்ததும் அவர் முகம் மலர்ந்திருக்க வேண்டும். குழந்தை எழுத்தைப் படிக்க அறியாது. ஆனால் முகத்தைப் படிப்பதில் அதற்கு நிகர் யாருமில்லை. ஆசிரியையின் நெற்றி சுருங்கினால் அதனைக் கண்டு மூலையில் ஒடுங்கும் குழந்தைகள் உண்டு. அவர் அமைதியாக இருந்தால் குழந்தைகள் அவரிடமிருந்து அமைதியைக் கற்கின்றன. தம் சினத்தையும் அழுகையையும் அடக்கிக்கொள்ள அறியாத பருவத்தில், அடங்கிய பெரியவர் ஒருவர் அருகில் இருப்பதே குழந்தைக்குப் பயிற்சி. ஆகவே ஆசிரியையின் உள்ளநலம் அவருடைய சொந்தச் செய்தி மட்டுமன்று. அதுதான் வகுப்பின் முதற்பாடம்.

நம் போன்ற வெளியூர்க் குடும்பத்துக் குழந்தைகளால் அவருக்கு மற்றொரு வேலையும் சேர்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மும்மொழிக்கு நடுவே நிற்கிறது நம் குழந்தை. 'மம்மு' என்றால் சோறு என்பதும், 'உச்சா' என்றால் என்ன அவசரம் என்பதும் நமக்குத் தெரியும். இந்தி பேசும் ஆசிரியைக்கு எவ்வாறு தெரியும்? இந்தியில் 'ஊஞ்சா' என்றால் உயரம் என்று பொருள். குழந்தை 'உச்சா, உச்சா' என்று கெஞ்ச, ஆசிரியை அண்ணாந்து பார்த்து, அலமாரியின் மேலிருந்த பொம்மையை எடுத்துக் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். அடுத்து நிகழ்ந்ததை உங்கள் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன். சிரிப்புக்கிடமான செய்திதான், ஆயினும் அன்று அக்குழந்தை அடைந்த நாணமும் ஆசிரியை அடைந்த வருத்தமும் சிரிப்புக்குரியன அல்ல.

தாய்மை என்ற பெயர்

இப்பணியைப் பற்றிப் பேசுவோர் யாவரும் 'தாய்மை' என்ற சொல்லைச் சொல்லாமல் விடுவதில்லை. அது புகழ்ச்சிச் சொல்தான். எனினும் அதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது.

குஜராத்தின் பாவநகரில் கிஜுபாய் பதேகா என்ற வழக்கறிஞர் இருந்தார். தம் மகனை எவ்வாறு வளர்ப்பது என்ற கவலையில் மாண்டிசோரி அம்மையாரின் நூல்களைப் படித்தவர், வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, 1920-ஆம் ஆண்டில் தக்ஷிணாமூர்த்தி நிலையத்தில் பால மந்திரம் ஒன்றைத் தொடங்கினார். கதையாலும் விளையாட்டாலும் கற்பித்த அவரைக் குஜராத்தி மக்கள் 'மீசையுள்ள அம்மா' என்று அன்போடு அழைத்தார்கள். ஓர் ஆடவரே இப்பணியில் இத்தகைய பெயரைப் பெற்றார் என்பது எதைக் காட்டுகிறது? பெண்ணாய்ப் பிறந்ததாலோ பிள்ளை பெற்றதாலோ இத்திறம் தானே வந்துவிடுவதில்லை. கற்றும் நோக்கியும் முயன்றும் பெறவேண்டியது என்பதையன்றோ?

உரோம் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பில் 1907-ஆம் ஆண்டில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மாண்டிசோரி அம்மையாரும் இக்கருத்தினரே. அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப்போரின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும், மிகுதியாக நோக்க வேண்டும், குழந்தைகளைத் திருத்துமுன் தம் சினத்தையும் செருக்கையும் திருத்திக்கொள்ள வேண்டும் என்பன அவர் வலியுறுத்திய பாடங்கள். இவை பயிற்சியால் வரும் ஒழுக்கங்கள். வெறும் பாசத்தால் வருவன அல்ல.

இதனை மறந்து 'தாயன்பு, தாயன்பு' என்று மட்டும் போற்றினால் என்ன நேர்கிறது? அன்புக்கு விலை ஏது என்கிறோம். பின்னர் விலை கொடாமலே விட்டுவிடுகிறோம். தாய்க்கு விடுமுறை ஏது என்கிறோம். பின்னர் ஆசிரியைக்கும் ஓய்வு தர மறந்துவிடுகிறோம். உயர்நிலைப் பள்ளியில் கணக்குக் கற்பிப்பவரிடம் 'உங்களுக்கு என்ன, பிள்ளைகளோடு விளையாட்டுத்தானே' என்று யாரும் சொல்வதில்லை. மழலையர் ஆசிரியை அதனைத் திருமண வீடுகளிலும் கேட்கிறார், தம் உறவினரிடமும் கேட்கிறார். பல ஆண்டுகள் கேட்டபின் அவரே அதனை நம்பத் தொடங்கிவிடுகிறார். அதுதான் பெரிய இழப்பு.

முற்றத்திலிருந்து நாடு முழுவதும்

கிஜுபாயோடு பணியாற்றிய தாராபாய் மோதக் அம்மையார் 1945-ஆம் ஆண்டில், அந்நாளில் தாணா மாவட்டத்தைச் சேர்ந்திருந்த போர்டி என்னும் ஊருக்குச் சென்றார். ஏழைக் குழந்தைகளும் பழங்குடிக் குழந்தைகளும் பள்ளிக்கு வரவில்லை. அவர்கள் வாராவிட்டால் பள்ளி அவர்களிடம் செல்லட்டும் என்று, வீட்டு முற்றங்களிலேயே வகுப்பு நடத்தினார். முற்றம் என்பதற்கு அங்கண் என்று பெயர். அதிலிருந்து பிறந்ததே அங்கன்வாடி. இம்முயற்சியில் அவர் தனித்து நிற்கவில்லை. இளம்பருவத்திலேயே கைம்மை எய்தி, தம் முயற்சியால் கல்வி கற்ற அனுதாய் வாக் அம்மையார் அவரோடு சேர்ந்தார். போர்டியிலும் பின்னர்க் கோஸ்பாட் குன்றிலுமாக அவ்விருவரும் பல ஆண்டுகள் இணைந்து உழைத்தார்கள். 1973-இல் தாராபாய் மறைந்தபின் அனுதாய் அப்பணியைத் தொடர்ந்து நடத்தினார். இவர்களுடைய மனவுறுதியைப் பலர் போற்றுகிறார்கள். அவ்வுறுதிக்குத் தோழமை ஒரு தூணாக இருந்தது என்பதையும் நாம் கருத வேண்டும்.

இத்தலைநகரிலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. 1969-ஆம் ஆண்டில் இராஜகாட்டருகே கட்டட வேலை நடந்த இடத்தில், மண் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டார் மீரா மகாதேவன் அம்மையார். அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். கட்டடம் முடிந்து தொழிலாளர் வேறிடம் சென்றால் காப்பகமும் உடன் செல்லும். நடமாடும் காப்பகங்கள் என்னும் இயக்கம் அவ்வாறு தோன்றியது.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் மைய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கன்வாடிப் பணியாளர் கற்பிப்பதோடு நிற்பதில்லை. உணவு வழங்குதல், குழந்தைகளை நிறுத்தல், தடுப்பூசிக்கு அழைத்தல், கருவுற்ற தாய்மாரைச் சென்று காணுதல், ஏடுகள் எழுதுதல், 2021-க்குப் பின் கைப்பேசியில் கணக்குப் பதிதல் எனப் பல பணிகள் அவருடையன. 2020-இல் கொரோனாத் தொற்றால் மையங்கள் மூடப்பட்டபோது பல மாநிலங்களில் வீடுவீடாக உணவுப்பொருள் கொண்டுசென்றவரும் அவரே. இத்தனைக்கும் அவர் பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியம். 2018 அக்டோபர் முதல் மைய அரசு வகுத்த அளவு பணியாளருக்குத் திங்களுக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் இதற்குமேல் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் உரியது என்று தீர்ப்பளித்தது. திட்டம் தொடங்கி ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் வந்த தீர்ப்பு அது.

தனியார் மழலையர் பள்ளிகளிலும் பல இடங்களில் நிலை இதனினும் மேலன்று. பணி நிலைப்பு இல்லை. கோடை விடுமுறைக்கு ஊதியம் இல்லாத இடங்கள் உண்டு. 2020-ஆம் ஆண்டில் பள்ளி மூடிய அன்றே வருவாயும் நின்றுபோன ஆசிரியைகள் பலரை நான் அறிவேன். அவர்களுள் சிலர் வீட்டில் ஊறுகாய் போட்டு விற்றார்கள். சிலர் இத்தொழிலுக்கே திரும்பவில்லை.

பொறுமை வற்றும் வகை

தமிழில் 'பொறை' என்ற சொல்லுக்குப் பொறுமை என்றும் சுமை என்றும் இரு பொருள் உண்டு. பொறுமை என்பது சுமப்பதே என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். திருவள்ளுவர் பொறையுடைமைக்கு நிலத்தை உவமை காட்டினார். தன்னைத் தோண்டுவோரையும் அது தாங்குகிறது. நாமும் ஆசிரியையை 'பூமாதேவி போன்ற பொறுமை' என்று புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அதே வள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில் அந்நிலத்தைப் பற்றி வேறொன்றும் சொல்கிறார். அதனை உழுது காயவிட வேண்டும், எருவிட வேண்டும், களையெடுக்க வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும், காவல் காக்க வேண்டும். உரியவன் சென்று பாராமல் இருந்துவிட்டால் அது மனைவியைப்போல் ஊடிவிடும் என்கிறார். எல்லாவற்றையும் தாங்கும் நிலத்துக்கே இத்தனை பேணுதல் வேண்டுமாயின், மனித உள்ளத்துக்கு எத்துணை வேண்டும்!

எண்ணெய் உள்ளவரை அகலில் ஒளி விடுவது எண்ணெய்; எண்ணெய் தீர்ந்தபின் எரிவது திரி. தொழிலால் வரும் கடுஞ்சோர்வும் இத்தகையதே. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இதனை வரையறுத்தபோது, சரிவரக் கையாளப்படாத நீடித்த பணிநெருக்கடியால் வருவது என்று கூறி, மூன்று அடையாளங்களைக் காட்டியது. முதலாவது, வலிமையெல்லாம் வற்றிப்போன களைப்பு. இரண்டாவது, செய்யும் தொழிலிலிருந்து உள்ளம் விலகிப்போதல். மூன்றாவது, தம் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். அந்நிறுவனம் இதனை நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணிச்சூழலோடு தொடர்புடைய நிலை என்றே குறித்தது. ஆதலின் மருந்தும் பணிச்சூழலில் தேடப்பட வேண்டும்.

மழலையர் வகுப்பில் இவ்வடையாளங்கள் எவ்வாறு தோன்றும்? பாட்டுப் பாடுவதில் விருப்பமுடைய ஆசிரியை பாட்டை நிறுத்திவிடுவார். குழந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தவர் 'ஏய்' என்று அழைக்கத் தொடங்குவார். ஞாயிறு மாலையிலேயே திங்கட்கிழமையை எண்ணி நெஞ்சு படபடக்கும். இவற்றைக் கண்டால் நாம் 'டீச்சருக்குக் கோபம் அதிகமாகிவிட்டது' என்று முடிவு கட்டுகிறோம். எண்ணெய் தீர்ந்ததென்று அறிவதில்லை.

உறுதி எங்கிருந்து வருகிறது?

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955-ஆம் ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் நாற்பது வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் நோய் முதலிய பல துன்பங்களுக்கிடையே பிறந்த குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்கினர், திறமும் அன்பும் உடைய பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள். அதற்குரிய காரணங்களுள் முதன்மையானது, அவர்களிடம் மாறாத அன்பு காட்டிய ஒருவரேனும் வாழ்வில் இருந்தார் என்பது. அவர் பாட்டியாகவும் இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம்.

மழலையர் ஆசிரியையின் பெருமை இதிலே விளங்குகிறது. எனினும் இவ்வாராய்ச்சி நமக்கு மற்றொரு பாடத்தையும் சொல்கிறது. உறுதி என்பது ஒருவர் தனியே தம் நெஞ்சில் விளைவித்துக்கொள்ளும் பொருளன்று. பிறர் துணையால் விளைவது. குழந்தைக்கு உண்மையான இவ்விதி ஆசிரியைக்கும் உண்மையே. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்' என்று அவருக்கு அறிவுரை கூறுவது எளிது. மூச்சுப் பயிற்சி நல்லதே. ஆனால் நாற்பது குழந்தைகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மூச்சுப் பயிற்சி கற்பிப்பது, ஓட்டைக் குடத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் சேந்தும் முறையைக் கற்பிப்பது போன்றதாகும். 2013-ஆம் ஆண்டில் வெளியான தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் இருபதின்மருக்கு ஒரு பெரியவரும், மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் பதின்மருக்கு ஒருவரும் வேண்டும் என்று கூறியது. இந்த எண்ணிக்கையைக் காப்பது எந்த அறிவுரையினும் மேலான மருந்து.

நாம் செய்யத்தக்கவை

ஊதியமும் சட்டமும் அரசின் கையிலும் நிருவாகத்தின் கையிலும் உள்ளன. நம் காலனிக் குடும்பங்களின் கையில் ஒன்றுமில்லையா? உண்டு. சிலவற்றைச் சொல்கிறேன்.

பள்ளியில் சேர்க்குமுன் கட்டடத்தையும் ஊஞ்சலையும் பார்க்கும் நாம், ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள், உடன் ஆயா உண்டா, ஆசிரியை பகலில் பதினைந்து நிமிடம் அமர்ந்து உண்ண இடமுண்டா என்று கேட்போமாக. பெற்றோர் பலர் கேட்டால் நிருவாகம் செவிசாய்க்கும்.

குழந்தையை அழைத்துவரக் குறித்த நேரத்தில் செல்வோமாக. நாம் தாமதிக்கும் அரைமணி நேரம் ஆசிரியையின் வீட்டுக் குழந்தைக்கு உரியது.

இரவில் காய்ச்சல் இருந்ததா, ஊரிலிருந்து துயரச் செய்தி வந்ததா, வீட்டில் தம்பி பிறந்திருக்கிறானா என்பவற்றை ஆசிரியைக்கு இரண்டு வரியில் தெரிவிப்போமாக. காரணம் தெரிந்த அழுகையைத் தாங்குவது எளிது. காரணம் தெரியாத அழுகையே ஆசிரியையைக் களைப்பிக்கும்.

மூன்று வயதுக் குழந்தை 'இன்று என்ன எழுதினாய்' என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதில்லை. அவ்வயதில் விரல்களுக்கு வேண்டியது களிமண்ணும் மணலும் வண்ணமும். அடுத்த வீட்டுக் குழந்தை நூறுவரை எண்ணுகிறதென்று நாம் கொடுக்கும் நெருக்கடி, தமக்குச் சரியென்று தெரிந்ததைச் செய்யவிடாமல் ஆசிரியையைத் தடுக்கிறது. தம் அறிவுக்கு மாறாக நடக்க நேர்வதைப்போல் உள்ளத்தை வாட்டுவது வேறில்லை.

வாட்ஸப் குழுவில் இரவு பத்து மணிக்குக் கேள்வி கேட்டு, உடனே விடை எதிர்பார்ப்பதைத் தவிர்ப்போமாக. குறை இருந்தால் தனியே நேரில் சொல்வோம். நிறை இருந்தால் குழுவில் எல்லாரும் அறியச் சொல்வோம். நாம் இப்பொழுது பெரும்பாலும் இதனை மாற்றிச் செய்துவருகிறோம்.

குழந்தை வீட்டில் பேசும் தமிழ்ச் சொற்கள் இருபதை, ஆசிரியைக்குத் தெரிந்த எழுத்தில், பொருளோடு எழுதிக் கொடுப்போமாக. தண்ணீர், பசி, வலி, பயம், அம்மா எப்போது வருவாள் என்பன அவற்றுள் இருக்கட்டும். பள்ளிக்காக வீட்டுத் தமிழை விட்டுவிட வேண்டியதில்லை. தாய்மொழியில் வளமாகப் பேசும் குழந்தைக்கு மற்ற மொழிகளும் எளிதில் வரும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வட்டாரத்து மழலையர் ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆயாக்கள் ஆகியோருக்கு, அவர்கள் எம்மொழியினராயினும், திங்கள்தோறும் ஒரு சனிக்கிழமை மாலை நம் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். பாடம் நடத்த வேண்டா, சொற்பொழிவும் வேண்டா. காப்பியும் நல்ல நாற்காலியும் போதும். ஒருவர் தம் வகுப்பில் நடந்ததைச் சொல்ல, மற்றவர் 'என் வகுப்பிலும் அப்படித்தான்' என்று சொல்லும் அந்த ஒரு மணி நேரம் மிகுந்த வலிமையைத் தரும். ஆண்டுக்கொருமுறை குரல்வளை மருத்துவரையும் எலும்பு மருத்துவரையும் அழைத்து அவர்களைப் பார்க்கச் செய்யலாம். ஆசிரியை ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் இரண்டு நாள் துணைநிற்கக் கூடிய பயிற்சி பெற்ற பெண்மணிகள் நம் காலனியிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டியலை வைத்திருக்கலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை.

இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு சொல். தண்ணீர் குடியுங்கள். குரலை உயர்த்துவதற்கு மாறாகக் கையைத் தட்டியோ சிறு மணியை அடித்தோ அழையுங்கள். பகலில் ஐந்து நிமிடமேனும் உடன் பணிபுரிபவரிடம் வகுப்பை ஒப்படைத்து வெளியே வந்து நில்லுங்கள். அவருக்கும் அவ்வாறே உதவுங்கள். உதவி கேட்பது இழுக்கன்று. உறக்கமின்மையோ காரணமற்ற அழுகையோ வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள். 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் உள்ளநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வேலை விளையாட்டன்று என்பதை நீங்கள் மறவாதீர்கள். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்தே கல்வியின் அடித்தளம் தொடங்குவதாகக் கொள்கிறது. அந்த அடித்தளத்தை இடுபவர் நீங்கள்.

பொறுமை, பொறுப்பு என்னும் இரு சொற்களும் 'பொறு' என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இதுவரை பொறுமையை ஆசிரியையிடம் விட்டுவிட்டோம். பொறுப்பில் நம் பங்கை இனியேனும் ஏற்போமாக. வரும் ஏப்ரலில் பள்ளி திறக்கும்போது, வாயிலில் குழந்தையை ஒப்படைத்துத் திரும்புமுன் ஆசிரியையின் முகத்தையும் ஒருமுறை பார்த்து, 'நீங்கள் நலமா?' என்று கேளுங்கள். விடையை நின்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.